ஆணி அடித்த தகட்டில் அலைக்கு வழி போட முடியுமா?

கேள்வி: மார்ச் 3, 2024

பெங்களூரு பீன்யாவில் தகடு வெட்டும் தொழிலில் இருக்கும் வாசகர் எழுதியது: "தகட்டில் ஒழுங்காகத் துளை போட்டோ ஆணி அடித்தோ அதிர்வை ஒரே பாதையில் ஓட வைக்கலாம் என்று படித்தேன். நம்ப முடியவில்லை. துளை போட்ட தகட்டையும் போடாத தகட்டையும் தட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. அலைநீளத்தைவிடச் சிறிய பொருளை அலை கண்டுகொள்ளாது என்று பாடப் புத்தகமே சொல்கிறது. இது காகிதத்தில் மட்டும் ஓடும் கணக்கு."

மார்ச் 3, இரவு

துளை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. விளிம்பு எதிலும் பிடிக்கப்படாத சிறு துளையால் தகட்டின் அலைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. துளையின் பரப்பு சுருங்கச் சுருங்க அதன் பாதிப்பும் சுருங்கி மறைந்துவிடும்.

ஆணி அப்படி இல்லை. ஒரு புள்ளியில் தகட்டை அசையாமல் பிடித்துவிட்டால், ஆணி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அலை அதை உணர்கிறது. ஆணியின் விட்டத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் அதன் பிடி பூஜ்யமாவதில்லை. பாடப் புத்தகத்தின் அந்த விதி ஒலிக்கும் ஒளிக்கும் இழுத்துக் கட்டிய தோலுக்கும் பொருந்தும். வளையும் தகட்டுக்கு அதை அப்படியே எடுத்துப் போகக் கூடாது. இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 4

காரணத்தை நேற்று எழுதவில்லை. பறையோ மிருதங்கமோ, இழுத்துக் கட்டிய தோலில் சேரும் ஆற்றல் தோலின் சாய்வைப் பொறுத்தது. ஒரே ஒரு புள்ளியை மட்டும் அசையாமல் பிடித்தால், தோல் அந்தப் புள்ளியைச் சுற்றி ஊசிமுனை போன்ற ஒரு குழியை உண்டாக்கிக்கொண்டு மற்ற இடங்களில் தன் போக்கில் ஆடும். அந்தக் குழிக்கு ஆகும் ஆற்றலை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொண்டே போகலாம். ஆகவே புள்ளியளவு ஆணி தோலை நிறுத்தாது.

தகட்டின் ஆற்றலோ வளைவைப் பொறுத்தது. ஊசிமுனைக் குழி என்றால் அங்கே கடும் வளைவு. அதற்குத் தகடு தர வேண்டிய விலை மிக அதிகம். அதனால் தகடு ஆணியைச் சுற்றி அகலமாக, மெதுவாகத்தான் தாழ முடியும். ஓர் ஆணி தன்னைச் சுற்றிய வட்டாரத்தையே அடக்கிவிடுகிறது.

சமன்பாட்டில் இதே செய்தி இன்னும் சுருக்கமாக வருகிறது. தோலுக்கு இரண்டாம் வரிசை வகைக்கெழு, தகட்டுக்கு நான்காம் வரிசை. ஒரு புள்ளியில் விசை கொடுத்தால், அதே புள்ளியில் தோலின் இடப்பெயர்ச்சி முடிவிலிக்குப் போகிறது. தகட்டின் இடப்பெயர்ச்சி ஒரு சாதாரண எண்ணாக நிற்கிறது. அந்த எண் கையில் இருப்பதால்தான் ஆணிகளின் முழு வரிசையையும் ஒரு கூட்டுத்தொகையாக எழுதிவிட முடிகிறது. நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

மார்ச் 5

எண்கள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, சதுர வரிசையில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி என்று வைத்துக்கொள்வோம்.

தகட்டில் அதிர்வெண் அலையெண்ணின் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்த எண்) இருமடிக்கு நேர்விகிதம். அலைநீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. நான்கு சென்டிமீட்டர் அலைநீளம், அதாவது ஆணி இடைவெளியின் இரு மடங்கு, இந்தத் தகட்டில் ஏறத்தாழ 6.1 கிலோஹெர்ட்ஸ். அந்த அலையின் முகடு நொடிக்கு 245 மீட்டர் ஓடும். ஆற்றல் அதைப்போல் இரு மடங்கு, 490 மீட்டர் வேகத்தில் போகும்.

ஆணி அடித்த தகட்டில் 6.1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த அலையும் ஓடாது. பூஜ்யம் ஹெர்ட்ஸ் தொடங்கி அதுவரை முழுத் தடை. சாதாரணப் படிகங்களில் தடை நடுவில் எங்கோ ஒரு பட்டையாக வரும். இங்கே அடியிலிருந்தே வருகிறது. உங்கள் மேசையில் தட்டிப் பார்த்த தகட்டில் துளைகள்தான் இருந்தன, பிடி இல்லை. அதனால் இது உங்கள் காதில் விழ வாய்ப்பே இல்லை.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

அலுமினியத்துக்குப் பதில் இரும்புத் தகடு போட்டால் என்ன ஆகும் என்று உடனே கேட்டுவிட்டீர்கள். ஏறத்தாழ ஒன்றும் ஆகாது. இரும்பு மும்மடங்கு விறைப்பு, மும்மடங்கு கனம், விகிதம் ஒன்றுதான். தடிமனை மாற்றினால் மாறும்: இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் 6.1 என்பது 12.2 ஆகிவிடும். இடைவெளியை மாற்றினால் இன்னும் வேகமாக மாறும்: நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர் தகடு 1.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

மார்ச் 7

6.1 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மறுபடியும் காகிதக் கணக்கு என்பீர்கள்.

ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் அலை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது ஒரு கட்டமாற்றத்தை (ஏற்ற இறக்கம் சற்று முந்துவது அல்லது பிந்துவது) மட்டும் பெறுகிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு இதை 1883-இல் ஃப்ளோகே காட்டினார். படிகத்தில் ஓடும் எலக்ட்ரானுக்கு 1928-இல் ப்ளோக் காட்டினார். ஆகவே முடிவில்லாத தகட்டை விட்டுவிட்டு இரண்டு சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்.

அந்தச் சதுரத்தில் தகட்டின் அசைவைத் தள அலைகளின் (நேராக ஒரே திசையில் ஓடும் அலைகள்) கூட்டாக எழுதுங்கள். ஆணியிருக்கும் இடத்தில் அசைவு பூஜ்யம் என்ற ஒரே நிபந்தனையைப் போடுங்கள். கிடைப்பது ஒரு கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும் என்ற சமன்பாடு. கூட்டுத்தொகையின் ஒவ்வொரு உறுப்பின் பகுதியிலும் (கீழே நின்று வகுக்கும் எண்ணிலும்) இரண்டு நான்காம் அடுக்குகளின் வித்தியாசம் நிற்கும்: ஒன்று அந்தத் தள அலையின் அலையெண்ணுக்கு உரியது, மற்றது நாம் தேடும் அலையெண்ணுக்கு உரியது. தேடும் எண் மிகச் சிறியதாக இருந்தால் எல்லா உறுப்புகளும் நேர்க்குறி, அல்லது ஒரே ஓர் எதிர்க்குறி உறுப்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கும் அளவுக்குப் பெரியது. இரண்டிலும் கூட்டிப் பூஜ்யம் வராது. கீழே தடை இருப்பதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டியதில்லை.

அலை ஓடக்கூடிய அதிர்வெண் பட்டையின் அடிமட்டம் எங்கே? ஒரு சைன் அலையை எடுத்து, அதன் அசையாப் புள்ளிகள் சரியாக ஆணிகளின் மேல் விழும்படி வையுங்கள். அரை அலைநீளம் ஆணி இடைவெளிக்குச் சமம். ஆணிகள் இருப்பதே அந்த அலைக்குத் தெரியாது. அதுதான் 6.1.

நான்காம் அடுக்கு பகுதியில் இருப்பதால் தொகை வெகு வேகமாக ஒருங்குகிறது. கால்குலேட்டரும் ஒரு தாளும் இருந்தால் பேருந்துப் பயணத்திலேயே போட்டுவிடலாம். பெரிய மென்பொருளை வாங்கித்தான் இதைச் செய்ய வேண்டும் என்று இந்த ஊர் அலுவலகங்களில் பலர் நம்புவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. வண்ணப் படம் வருவதற்கு முன் அடிமட்டம் எங்கே என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 10

இனி வழி. ஆணிகளின் ஒரு வரிசையை மட்டும் பிடுங்கிவிடுங்கள். இருபுறமும் ஆணிக்காடு, நடுவில் நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெற்றுத் தெரு. 6.1-க்குக் கீழே ஆணிக்காட்டுக்குள் அலை போக முடியாது. தெருவில் போக முடியுமா?

முடியும் என்பதற்கு முழு நிரூபணமே கொடுக்கலாம், கணினி வேண்டாம். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலியின் கொள்கை இது: அமைப்பின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட எந்த வடிவத்தை ஊகித்து அதிர்வெண் கணக்கிட்டாலும் உண்மையான மிகத் தாழ்ந்த அதிர்வெண் அதைவிடக் கூடுதலாக இராது. ஊகம் எடுப்போம். தெருவின் இரு ஓரங்களிலும் தகட்டை முழுநீளத்துக்கும் இறுகக் கவ்விப் பிடித்தது போலவும், தெருவுக்கு வெளியே தகடு அசையாதது போலவும் வைத்துக்கொள்வோம். இருபுறமும் இறுகப் பிடித்த தகட்டுப் பட்டையின் கணக்கு எல்லாப் பாடநூல்களிலும் உண்டு: அலையெண்ணையும் அகலத்தையும் பெருக்கினால் 4.73. நம் தகட்டில் அது 3.5 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு.

3.5 என்பது 6.1-ஐவிடக் குறைவு. ஆணிகள் மட்டும் உள்ள உண்மையான தகடு என் ஊகத்தைவிடத் தளர்ந்தது, ஆகவே அதன் அதிர்வெண் 3.5-ஐத் தாண்டாது. ஆணிக்காடு அந்த அதிர்வெண்ணில் அலையை உள்ளே விடாது. தெருவில் அடைபட்டு ஓடும் அலை கட்டாயம் உண்டு.

காகிதத்தில் மட்டும் ஓடும் கணக்கு என்றீர்களே, இது அப்படியில்லை. ஆணி உறுதியாக இருக்கும்வரை தகட்டுக்கு வேறு வழியே கிடையாது.

மார்ச் 11

ராஜாஜி நகர் வாசகர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "இறுகக் கவ்விய வடிவத்தை ஏன் எடுத்தீர்கள்? தெருவுக்குள் அரை சைன் வளைவு, வெளியே பூஜ்யம் என்று எடுத்தால் 1.5 கிலோஹெர்ட்ஸ் வருமே, இன்னும் தாழ்ந்த எல்லை கிடைக்குமே?"

கிடைக்காது. சைன் வளைவு ஓரத்தில் சாய்வோடு வந்து முடிகிறது, வெளியே தகடு மட்டமாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்துவிடுகிறது. மடிப்பில் வளைவு முடிவிலி, ஆற்றலும் முடிவிலி. அந்த ஊகம் தகட்டுக்குச் செல்லாது. தோலாக இருந்தால் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம், தோல் மடிப்பைப் பொறுத்துக்கொள்ளும். நான்காம் தேதி எழுதிய சாய்வு, வளைவு வேறுபாடு இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது.

மார்ச் 14

அளந்து பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்கு.

அல்சூரில் என் வீட்டு மாடியில் ஒரு சிறிய அமைப்பு இருக்கிறது: தடித்த இரும்புப் பலகை, அதன் மேல் வாஷர்களில் உட்கார்ந்த அலுமினியத் தகடு, ஒழுங்கான வரிசையில் சிறு திருகாணிகள், நடுவில் ஒரு வரிசை விடுபட்டிருக்கும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பீசோ பஸ்ஸர் வில்லை ஒன்றைத் தெருவின் ஒரு முனையில் ஒட்டி, கைபேசி ஒலியை ஆம்பிளிஃபயர் வழியாகக் கொடுத்தால் போதும்.

முதல் எச்சரிக்கை: முடுக்கமானியை (அதிர்வை அளக்கும் சிறு உணரி) தகட்டில் ஒட்டாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் சதுரத் தகட்டின் எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். சிறிய முடுக்கமானியும் அதே எடை இருக்கும். அதை ஒட்டிய கணமே நீங்கள் வேறொரு தகட்டை அளக்கிறீர்கள். லேசர் கருவி கையில் இல்லாவிட்டால் தகட்டில் தூள் தூவிப் பார்ப்பதுதான் சிறந்தது.

தூள் அதிர்வுக்கு அவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்கிறது. 5 கிலோஹெர்ட்ஸில் தகடு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அசைந்தாலே அதன் முடுக்கம் புவியீர்ப்பை எட்டிவிடும், தூள் துள்ளத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அசைவை ரவை காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது எச்சரிக்கை: ரவையும் அரிசி மாவும் ஒன்றல்ல. ரவை அசையாத இடங்களில் போய்ச் சேரும். மிக நைசான மாவு அதற்கு நேர்மாறாக அதிகம் அசையும் இடங்களில் குவியும். இதற்குக் காரணம் தகட்டின் மேல் எழும் காற்றோட்டம் என்று 1831-இல் ஃபாரடே விளக்கினார். கோலப்பொடியில் இரண்டும் கலந்திருந்தால் படம் குழம்பும். சலித்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

திருகாணி புள்ளி அல்ல. வாஷர் ஒரு சிறு வட்டத்தையே பிடித்துக்கொள்கிறது. அதனால் அதிர்வெண்கள் கணக்கைவிட மேலே போகும். பிடி கூடினால் அதிர்வெண் குறையாது என்பதும் ரேலி சொன்னதுதான். கணக்கைவிடக் கீழே வந்தால் பலகையையும் திருகாணிகளின் இறுக்கத்தையும் சந்தேகியுங்கள். இந்த மாதம் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிகள் ஓயாமல் வருகின்றன. அவற்றின் உறுமல் சில பத்து ஹெர்ட்ஸ்தான், நம் அளவீட்டைத் தொடாது.

மார்ச் 17

ரயிலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். கன்டோன்மென்ட் பக்கம் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் இதே கணக்கு கண்முன் கிடக்கிறது. நம் ரயில் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்பது முக்கியப் பாதைகளின் வழக்கம், அதாவது ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. அரை அலைநீளம் ஸ்லீப்பர் இடைவெளிக்குச் சமமாகும்போது தண்டவாளம் ஸ்லீப்பர்களே இல்லாதது போல ஆடும். மேலே ஏழாம் தேதி சொன்ன அதே சைன் அலை.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளத்துக்கு மெல்லிய உத்தரக் கணக்கைப் போட்டால் 1.4 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. உண்மையில் அந்த ஒத்ததிர்வு 1 கிலோஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. தண்டவாளத்தின் உயரம் அரை அலைநீளத்தோடு ஒப்பிட்டால் சிறியது அல்ல. வளைவதோடு சறுக்கு உருத்திரிபும் சேர்கிறது. மெல்லிய கணக்கு அதை விட்டுவிடுகிறது. தகட்டுக்கு அந்தக் குறையைச் சரிசெய்த கோட்பாட்டை 1951-இல் மிண்ட்லின் கொடுத்தார். நம் தகட்டில் அலைநீளம் தடிமனைப்போல் நாற்பது மடங்கு, ஆகவே கவலையில்லை. அதே வரைபடத்தை பத்து மில்லிமீட்டர் தகட்டுக்குப் போட்டுவிட்டு அதே சூத்திரத்தை நம்பினால் ஏமாற்றம்தான்.

மார்ச் 18

இந்தச் சமன்பாட்டை எழுதியது யார் என்று கேட்டீர்கள். ஜெர்மானிய இயற்பியலாளர் க்ளாட்னி தகடுகளில் மணல் தூவிக் காட்டிய உருவங்களை 1809-இல் நெப்போலியன் பார்த்தார். அவற்றின் கணிதத்துக்குப் பாரிஸ் அகாடமி பரிசு அறிவித்தது. பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமே இல்லாத காலத்தில் சோஃபி ஜெர்மைன் மூன்று முறை எழுதி அனுப்பி 1816-இல் அந்தப் பரிசைப் பெற்றார். ஓர நிபந்தனைகள் அவரிடம் சரியாக அமையவில்லை. 1850-இல் கிர்ஷாஃப் அவற்றைச் சீராக்கினார். பாடநூல்கள் தகட்டுக் கோட்பாட்டைக் கிர்ஷாஃப் பெயரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஜெர்மைன் பெயரும் அதே வரியில் வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு சி. வி. ராமனை விட முடியுமா? 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தவர், 1934-இல் இந்தியத் தோல் கருவிகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மிருதங்கத்தின் வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம் தோலின் மேற்சுரங்களை ஒழுங்கான மடங்குகளாக்கிவிடுகிறது என்பது அதன் சாரம். அது புள்ளி அல்ல, பரந்த எடை. புள்ளியாக இருந்தால் தோல் அதைச் சட்டை செய்திருக்காது என்பதை நான்காம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 22

மல்லேஸ்வரத்திலிருந்து எழுதும் மாணவி, "இப்போது எல்லாரும் இடவியல் பாதுகாப்பு என்கிறார்களே, வரிசையைப் பிடுங்குவது பழைய வழி அல்லவா?" என்று கேட்கிறார்.

பழைய வழிதான். (இடவியல் பாதுகாப்பு என்றால், வழியில் திருப்பமோ குறையோ வந்தாலும் அலை திரும்பி வராதபடி அமைப்பே காப்பது.) அதன் குறையும் தெரிந்ததே: தெருவைச் செங்கோணத்தில் திருப்பினால் பெரும்பாலான அதிர்வெண்களில் அலையின் ஒரு பகுதி மூலையில் மோதித் திரும்பிவிடும்.

புதிய வழிக்குச் சதுர வரிசை உதவாது. நேர்ப்புள்ளிக் கோலத்தை விட்டுவிட்டு இடைப்புள்ளிக்கு வாருங்கள். அதில் மூன்றில் ஒரு புள்ளியை ஒழுங்காக நீக்கினால் தேன்கூட்டு அமைப்பு. ஒவ்வொரு புள்ளியிலும் தகட்டின் மேல் ஒரே அளவு எடை வைத்தால், குறிப்பிட்ட திசைகளில் இரண்டு பட்டைகள் கூம்பு முனைகளாகத் தொட்டுக்கொள்ளும். கட்டத்தின் இரண்டு எடைகளையும் வேறுபடுத்தினால் முனைகள் விலகி இடையில் தடை பிறக்கும். ஒரு பாதியில் கனமான எடை இடப்புறம், மறு பாதியில் வலப்புறம் என்று வைத்து இரண்டையும் சேர்த்தால், சேரும் கோட்டில் அலை ஓடும். அமைப்பின் கோணத்துக்கு இசைந்த திருப்பங்களில் அது பெரிதும் திரும்பி வராமல் வளைந்து செல்லும்.

இது அழகான விஷயம். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையும் தாங்கும் என்று எழுதுவது நேர்மையல்ல. இங்கே காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் சமன்பாடு மாறாது, ஆகவே எதிர்த்திசையில் ஓடும் இணை அலை எப்போதும் அங்கேயே இருக்கிறது. ஒரு கட்டத்தின் அளவுக்குக் கூர்மையான குறை, விடுபட்ட ஓர் எடையோ சாய்ந்த ஒரு திருகாணியோ, இரண்டையும் கலந்துவிட முடியும். ஆய்வுக்கு எடுங்கள், நிச்சயமாக எடுங்கள். குறையுள்ள மாதிரியையும் கணக்கிட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

மார்ச் 23

பயன் என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: உங்கள் கைபேசியின் ரேடியோ அலை வடிப்பான்களில் பல, 1885-இல் ரேலி கண்ட மேற்பரப்பு அலையைச் சீரான உலோக வரிகளால் தடுத்தும் திருப்பியும்தான் வேலை செய்கின்றன. தகட்டு வழிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஆணியைவிட ஒத்ததிரும் எடைகள் கைகொடுக்கும். 2000-இல் ஹாங்காங்கில் ரப்பர் பூசிய ஈயக் குண்டுகளைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகையால் 400 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தடுத்துக் காட்டினார்கள்.

மார்ச் 26

பீன்யா வாசகர் இப்போது தானே நிரல் எழுதத் தொடங்கியிருக்கிறார். சரிபார்க்க எண்கள் கேட்கிறார். மகிழ்ச்சி. சதுர ஆணி வரிசை, அலையெண்ணை இடைவெளியால் பெருக்கிய மதிப்புகள், மிகத் தாழ்ந்த பட்டைக்கு: அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக ஆடினால் 3.90, ஒரு திசையில் மட்டும் மாறி மாறி ஆடினால் 3.14, இரு திசையிலும் மாறி மாறி ஆடினால் 4.44. இவற்றில் 3.14-உம் 4.44-உம் கூட்டுத்தொகையின் மூலங்களாகக் கிடைக்காது, ஆணியை உணராத சைன் அலைகளைத் தனியே சேர்க்க வேண்டும். நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு வரிசை பிடுங்கிய தெருவின் மிகத் தாழ்ந்த அலை 2.37-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எடுத்துக்கொண்ட தள அலைகள் போதவில்லை என்று பொருள். இரு மடங்காக்கி மறுபடி ஓட்டுங்கள்.